நிற்க முடிந்தவர்களின் பாதை: அமெரிக்கக் கிளைவழிப் பயண நூல்கள் பற்றி

வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் எழுதிய 'நீல நெடுஞ்சாலைகள்' என்ற பயண நூலை நான் முதன்முதலில் வாசித்தது ஓடும் பஸ்ஸுக்குள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்முனையிலிருந்து அம்பாறை, மகியங்கனை ஊடாகக் கொழும்புக்குப் போகும் பஸ். கண்டியில் பழைய புத்தகக் கடையொன்றில் நண்பர் ஒருவர் வாங்கித் தந்த, முன்னட்டை கிழிந்த ஆங்கிலப் பிரதி. மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு தொடங்கும் வரைக்கும் வாசித்தேன். அதற்கு மேல் எழுத்துகள் ஆடத் தொடங்கின. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலால் பார்த்தேன். மலைச் சரிவும் கீழே விரிந்து கிடக்கும் சமவெளியும் எவரையும் மயக்கும் காட்சிதான். ஆனால் அந்த பஸ்ஸிலிருந்த ஒருவர்கூடக் காட்சிக்காக அந்த வழியால் வரவில்லை. மட்டக்களப்பு வழியால் போகப் பயந்து வந்தவர்கள் நாங்கள். எனக்குப் பக்கத்திலிருந்த மூத்தம்மா கண்ணை மூடிக்கொண்டு ஓதியபடியே வந்தார்.

மடியில் கிடந்த புத்தகமோ, பெரிய பாதையை விட்டுச் சிறிய பாதையால் போவதன் இன்பத்தைப் பற்றியது. அன்று தொடங்கிய ஒரு கேள்வி இந்த வகை நூல்களை வாசிக்கும் போதெல்லாம் என்னோடு கூடவே வருகிறது. சிறிய பாதையைத் தெரிவு செய்கிறவர் யார்? அதில் போவதைத் தவிர வேறு வழியில்லாதவர் யார்?

இந்த நூல்களைப் புரிந்துகொள்ள அவை எதற்கு எதிராக எழுதப்பட்டன என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1919 இல் அமெரிக்க இராணுவத்தின் வாகனத் தொடரணியொன்று வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்ச் சேர 62 நாட்கள் எடுத்தது. சேற்றில் புதைந்தும் பாலங்களை உடைத்தும் போன அந்தத் தொடரணியில் ஓர் இளம் அதிகாரியாக இருந்தவர் ஐசன்ஹோவர். பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மனியின் அதிவேகப் பாதைகளையும் அவர் கண்டார். ஜனாதிபதியான பிறகு 1956 ஜூன் 29 இல் அவர் கையொப்பமிட்ட சட்டம் 41,000 மைல் நீளமான மாநிலங்களிடை நெடுஞ்சாலை வலையமைப்புக்கு வழிவகுத்தது. நாற்சந்தி இல்லை, சமிக்ஞை விளக்கு இல்லை, வழியில் கடைத்தெரு இல்லை. ஊர்களுக்குள் நுழையாமலே ஊர்களைக் கடக்கும் பாதை அது. பழைய பாதையோரத்தில் சாப்பாட்டுக் கடையும் பெற்றோல் நிலையமும் வைத்துப் பிழைத்த எத்தனையோ சிற்றூர்கள் பயணிகளை இழந்தன.

ஜோன் ஸ்டெய்ன்பெக் 1960 செப்டெம்பரில் புறப்பட்டபோது இந்த வேலை பாதியில்கூட இல்லை. ஆயினும் அதன் முடிவை அவர் அப்போதே கண்டுகொண்டார். இந்தப் பாதைகள் முழுமையடையும்போது நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எதையுமே காணாமல் போய்விடலாம் என்ற கருத்துப்பட அவர் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. டொன் கிஹோட்டேயின் குதிரையின் பெயரான ரொசினாந்தே என்பதைத் தன் வாகனத்துக்கு இட்டு, சார்லி என்ற நாயோடு அவர் நாட்டைச் சுற்றினார். 'சார்லியுடன் பயணங்கள்' 1962 இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஹீட்-மூன் புறப்பட்டது 1978 மார்ச்சில். அவருடைய மற்றப் பெயர் வில்லியம் ட்ரொக்டன். ஒசேஜ் பழங்குடி வழிவந்த தந்தை தன்னை ஹீட்-மூன் என்று அழைத்துக்கொண்டார். மூத்த மகன் லிட்டில் ஹீட்-மூன். ஆகவே இவர் லீஸ்ட், கடைக்குட்டி. கல்லூரி ஆசிரியத் தொழில் பறிபோயிருந்தது. மனைவியைப் பிரிந்திருந்தார். போர்ட் வேன் ஒன்றில் படுக்கையைப் போட்டுக்கொண்டு மிசூரியிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 13,000 மைல்கள் சுற்றிவிட்டுத் திரும்பினார். பழைய அமெரிக்க வரைபடங்களில் பிரதான பாதைகள் சிவப்பிலும் கிளைப் பாதைகள் நீலத்திலும் இருந்தன. நூலின் பெயர் அதிலிருந்து வந்தது. 1982 இல் வெளிவந்த அந்நூல் பல மாதங்கள் அதிகம் விற்பனையாகும் நூல்களின் பட்டியலில் நின்றது.

இவ்விரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் நான் தயங்காமல் ஹீட்-மூனின் பக்கம் நிற்பேன். காரணம் எளிது. ஸ்டெய்ன்பெக் பேசுகிறார், ஹீட்-மூன் கேட்கிறார். டென்னஸியில் நேம்லெஸ், அதாவது 'பெயரில்லாதது' என்று ஓர் ஊர் இருப்பதை வரைபடத்தில் கண்டு, அந்தப் பெயருக்காகவே அவர் அங்கு போகிறார். பழைய பலசரக்குக் கடையொன்றை வைத்திருந்த குடும்பத்தோடு உட்கார்ந்து அவர்களுடைய பேச்சை அவர்களுடைய நடையிலேயே எழுதுகிறார். ஜோர்ஜியாவின் துறவிமடமொன்றில், முன்னர் புரூக்ளினில் பொலிஸ்காரராக இருந்த ஒரு துறவியைச் சந்திக்கிறார். யூட்டாவில் ஹோப்பி இனத்து மாணவர் ஒருவர் தன் மக்களின் வாழ்க்கைப் பாதையை விளக்கும்போது, நூலாசிரியர் தன் சொந்த அறிவைக் காட்டிக்கொள்ளாமல் ஒதுங்கி நிற்கிறார். தான் சந்தித்தவர்களை அவரே எடுத்த படங்களும் நூலில் உள்ளன.

சாப்பாட்டுக் கடையை எடைபோட அவர் வைத்திருக்கும் அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது. சுவரில் எத்தனை கலண்டர்கள் தொங்குகின்றன என்று அவர் எண்ணிப் பார்ப்பார். ஒன்றுமே இல்லையென்றால் அது பெருஞ்சாலையோரத்துச் சாப்பாடு. கூடக்கூடச் சாப்பாடும் திறம். வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும் இதில் உண்மை இருக்கிறது. வருஷப் பிறப்புக்கு அயல் கடைக்காரர்கள் கலண்டர் கொண்டுவந்து கொடுக்கும் கடை ஊரோடு உறவுள்ள கடை. நம்மூர்த் தேத்தண்ணிக் கடைச் சுவர்களை நினைத்துப் பார்த்தால் இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஸ்டெய்ன்பெக்கின் நூலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2010 இல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே வழியில் பயணம் செய்து, பழைய கடிதங்களையும் கையெழுத்துப் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தனிமைப் பயணி என்று தன்னைக் காட்டிக்கொண்ட ஸ்டெய்ன்பெக் பல இரவுகளை மனைவியோடு நல்ல ஹோட்டல்களில் கழித்திருக்கிறார், நூலில் வரும் உரையாடல்கள் பல நடந்திருக்கவே முடியாது என்பது அவருடைய வாதம். 2012 இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையும் இந்நூலை நேரடியான உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை ஏற்றுக்கொண்டது. ஊர்மக்களின் குரலைக் கேட்கப் போகிறேன் என்று புறப்பட்டவர் அந்தக் குரலைத் தானே எழுதிக்கொண்டார் என்றால் அது சிறிய குறையல்ல. பயண நூலும் வாசகனுக்குக் கொடுக்கும் ஒரு வாக்குத்தான்.

ஆனாலும் இந்த வகை நூல்கள் அனைத்திலும் என்னை ஆட்டிவைத்த பக்கம் ஸ்டெய்ன்பெக்கிடம்தான் இருக்கிறது. தென்பகுதியில் அவர் வழியில் நடந்துபோகும் வயதான கறுப்பினத் தொழிலாளி ஒருவரைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொள்கிறார். நல்லெண்ணத்தோடுதான் ஏற்றுகிறார். நியூ ஓர்லியன்ஸில் கறுப்பினச் சிறுமியொருத்தி பாடசாலைக்குப் போவதை எதிர்த்துக் கூட்டம் கூக்குரலிட்ட காலம் அது. அதைப் பற்றி அவர் அந்த மனிதரிடம் கேள்வி கேட்கிறார். கேட்கக் கேட்க மனிதர் ஒடுங்கிப்போகிறார். தன் வீடு கிட்டத்தில்தான் என்று சொல்லி இறங்கிக்கொள்கிறார். வாகனம் நகர்ந்த பிறகு கண்ணாடியில் பார்த்தால், அவர் மீண்டும் பாதையோரமாக நடந்துகொண்டிருக்கிறார். வீடு கிட்டத்தில் இல்லை. அந்த வெள்ளைக்காரரோடு வாகனத்தில் போவதைவிட நடப்பது அவருக்குப் பாதுகாப்பாக இருந்தது.

இது நடந்ததா, புனைந்ததா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. நடக்கவில்லை என்றாலும் ஸ்டெய்ன்பெக் தன் நூலின் அடிப்படையையே அசைக்கும் ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார். கிளைவழிப் பயணத்தின் தத்துவம் முழுவதும் 'நில், இறங்கு, பேசு' என்பதில் தங்கியிருக்கிறது. நிற்பதும் இறங்குவதும் பேசுவதும் எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதை அந்தக் கண்ணாடி காட்டிவிடுகிறது.

இந்த இடத்தில், இலக்கியம் என்று எவரும் சொல்லாத ஒரு நூலை இவற்றோடு சேர்த்து வைக்க விரும்புகிறேன். ஹார்லமில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936 இல் வெளியிடத் தொடங்கி, 1960 இல் அவர் இறந்த பிறகும் அவருடைய மனைவியால் தொடரப்பட்டு, அறுபதுகளின் பிற்பகுதி வரை வந்த 'பச்சைப் புத்தகம்' அது. கறுப்பின வாகனமோட்டிகளுக்கான கையேடு. எந்த ஊரில் எந்த ஹோட்டலில் அறை தருவார்கள், எங்கே சாப்பிடலாம், எந்த வீட்டில் இரவு தங்கலாம், எந்தச் சலூனில் முடிவெட்டலாம் என்ற விலாசங்களே அதன் உள்ளடக்கம். வர்ணனை இல்லை, மலை இல்லை, அந்திச் சூரியன் இல்லை. அந்தி என்பதற்கு அந்த வாசகர்களிடம் வேறு பொருள் இருந்தது. சூரியன் மறைந்த பின் கறுப்பினத்தவர் இங்கே இருக்கக்கூடாது என்று பலகை வைத்திருந்த ஊர்கள் அமெரிக்காவெங்கும் இருந்தன. ஹீட்-மூன் கலண்டர் எண்ணிய கடைகளைப் போன்ற கடைகளின் வாசலில், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு கறுப்பினக் குடும்பம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க நேர்ந்திருக்கும். இந்தக் கையேடு தேவைப்படாத நாள் வரவேண்டும் என்று அதன் முன்னுரையிலேயே எழுதியிருந்தார்கள். தன் சாவைத் தானே வேண்டி நின்ற புத்தகம்!

அப்படியென்றால் பெருஞ்சாலை நல்லது, கிளைப் பாதை கெட்டது என்று திருப்பிச் சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. ஊர்களுக்குள் நுழையாத பாதை பகைகொண்ட ஊர்களைக் கடக்க வேண்டியவருக்கு ஒரு மறைப்பைக் கொடுத்தது உண்மை. ஆனால் அதே பாதை நகரங்களுக்குள் எதன் மேல் போடப்பட்டது? மயாமியில் ஓவர்டவுண், சென் போலில் ரொண்டோ, நியூ ஓர்லியன்ஸில் கிளெய்போர்ன் அவெனியூ. எல்லாம் கறுப்பின மக்கள் கடையும் தேவாலயமும் வீடும் கட்டி வாழ்ந்த இடங்கள். கிளெய்போர்னில் நிழல் தந்த ஓக் மரவரிசை வெட்டப்பட்டு, அந்த இடத்தில் தூண்கள் மேல் நெடுஞ்சாலை எழுந்தது. ஸ்டெய்ன்பெக் 1960 இல் கண்டு கலங்கிய அதே நகரில்தான், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இதுவும் நடந்தது. பெருஞ்சாலை எதையும் காணவிடாது என்பது அவருடைய முறைப்பாடு. அது எதன் மேல் ஏறி நிற்கிறது என்பது அதைவிடப் பெரிய முறைப்பாடு.

ஹீட்-மூனுக்கு இதில் எதுவும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தன் வேனுக்கு அவர் வைத்த பெயர் 'ஆவி நடனம்'. 1890 அளவில், இழந்த நிலமும் வாழ்வும் திரும்பி வரவேண்டுமென்று சமவெளிப் பழங்குடியினர் ஆடிய சடங்கு அது. தன் பயணமும் அதுபோன்ற, கைகூடாத ஓர் ஆசைதான் என்ற கசப்பு அந்தப் பெயரில் தொனிக்கிறது. அலபாமாவின் செல்மாவில் நின்று, 1965 இன் ஊர்வலத்துக்குப் பிறகு என்ன மாறியது என்று அங்குள்ள கறுப்பின இளைஞர்களிடம் கேட்கிறார். அவர்களுடைய சலிப்பை மழுப்பாமல் எழுதுகிறார். ஆயினும் அடுத்த நாள் அவர் தன் வேனில் ஏறி மேற்கே போகலாம். எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் நுழைந்து உட்காரலாம். அந்த வசதியை அவர் ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. நூலின் மிகச் சிறந்த கேட்பவர், தனக்கு ஏன் எல்லாக் கதவுகளும் திறக்கின்றன என்பதை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்.

இதனால் இந்நூல்களை ஒதுக்க வேண்டும் என்பதல்ல என் கருத்து. 'நீல நெடுஞ்சாலை'களைப் பச்சைப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்கிறேன். ஒன்று நிற்பதன் இன்பத்தைச் சொல்கிறது. மற்றது நிற்பதற்குரிய இடங்களின் பட்டியல். ஒரே பாதை பற்றிய இரண்டு பிரதிகள் அவை. ஒன்றில்லாமல் மற்றதின் பொருள் நிறைவுபெறாது.

இதை ஓர் அமெரிக்க விவகாரமாக மட்டும் என்னால் வாசிக்க முடியாமலிருப்பதற்குக் காரணம் அந்த பஸ் பயணம். 1990 இல் கிழக்கின் பாதைகளில் போனவர்கள் பலர் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு எந்த வழியால், எத்தனை மணிக்குள், யாரோடு போவது என்ற கணக்கு நம் வீடுகளில் வாய்மொழியாக இருந்தது. அச்சிடப்படாத ஒரு பச்சைப் புத்தகம் அது. வாப்பாமார் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். இன்று அந்தக் கணக்கைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். நமது பயண இலக்கியம் அங்கிருந்தும் எழுதப்பட வேண்டும்.

யுத்தம் முடிந்த பிறகு, 2010 இல், மகனோடு அதே வழியால் வாடகை வேனில் போனேன். மூன்றாவது வளைவிலோ நாலாவதிலோ நிறுத்தச் சொன்னேன். மகன் இறங்கிப் படமெடுத்தான். "இவ்வளவு வடிவான றோட்டால வந்துட்டு ஏன் வாப்பா ஒருநாளும் சொல்லல்ல?" என்று கேட்டான். அத்தனை தடவை போயும் நான் அந்த இடத்தில் ஒருமுறைகூடக் காலை ஊன்றியதில்லை என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.