‘யஹீ சச் ஹை’ சிறுகதையில் காதலும் தேற்றமும்

இந்திச் சிறுகதை வரலாற்றில் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தழைத்த ‘நயீ கஹானி’ என்னும் புதுக்கதை இயக்கம், ஆண் பெண் உறவைக் குடும்ப அறத்தின் ஒரு கூறாக மட்டும் காணாது, தனித்ததொரு சிக்கலாக ஆராயத் தலைப்பட்டது. மோகன் ராகேஷ், கமலேஷ்வர், ராஜேந்திர யாதவ் ஆகிய மூவரை அவ்வியக்கத்தின் தூண்களாகக் கூறுவது வழக்கம். அவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவர் மன்னு பண்டாரி (1931–2021). அவருடைய ‘யஹீ சச் ஹை’ என்னும் சிறுகதை, இருவரிடத்து அன்பு கொண்ட ஒரு பெண்ணின் மன ஊசலாட்டத்தைக் கூறுவது என்றே பெரிதும் அறிமுகம் செய்யப்படுகிறது. அவ்வறிமுகம் பிழையன்று, ஆயின் கதையின் நுட்பம் அதனுள் அகப்படுவதில்லை.

கதைத்தலைவி தீபா கான்பூரில் தனித்துத் தங்கி முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். சஞ்சய் அவளை நாடி வருபவன். குறித்த நேரத்தில் வாராதவன். வந்தால் நிலச்சம்பங்கிக் கொத்தோடு வருபவன். கல்கத்தாவில் ஒரு பணிக்கான நேர்காணலுக்குச் செல்லும் தீபா, பாட்னாவில் தன் இளமையில் தன்னை விட்டு நீங்கிய நிஷீத்தை அங்கே எதிர்பாராது காண்கிறாள். அவள் அப்பணியைப் பெறவேண்டும் என்பதற்காக அவன் அலைகிறான். பழைய அன்பு மீள்கிறது. அவனோ ஒன்றும் சொல்வதில்லை. புகைவண்டி புறப்படும் வேளையில் அவள் கைமீது அவன் கை ஒரு கணம் படுவதோடு சரி. அத்தொடுகையில் எல்லாம் சொல்லப்பட்டுவிட்டதாக அவள் கொள்கிறாள். கான்பூர் மீண்டு அவன் மடலுக்காகக் காத்திருக்கிறாள். பணி கிடைத்ததற்கு மகிழ்ச்சி தெரிவிக்கும் சில வரிகளே வருகின்றன. அவ்வேளையில் வெளியூர் சென்றிருந்த சஞ்சய் மலர்க்கொத்தோடு வாயிலில் நிற்கிறான். அவள் அவனைத் தழுவிக்கொள்கிறாள். இதுவே உண்மை, மற்றது பொய் என்று அவள் நெஞ்சம் துணிவதோடு கதை முடிகிறது.

தலைப்பிலுள்ள ‘யஹீ’ என்னும் சொல் ஈண்டு உற்றுநோக்கத்தக்கது. ‘யஹ்’ என்பதனோடு ‘ஹீ’ என்னும் இடைச்சொல் சேர்ந்து ‘யஹீ’ ஆயிற்று. தமிழில் இதற்கு நேராவது ‘இதுவே’ என்பதன் ஏகாரம். ஏகாரத்தின் பொருள்களுள் தேற்றத்தையும் பிரிநிலையையும் தொல்காப்பியம் தனித்தனியே எண்ணும். ‘இது உறுதியாக உண்மை’ என்பது தேற்றம். ‘இது மட்டும் உண்மை, பிற அல்ல’ என்பது பிரிநிலை. தீபா வேண்டுவது தேற்றம். ஆனால் ஒவ்வொரு முறையும் பிரிநிலையின் வழியாகவே அவளால் அதனை அடைய முடிகிறது. கான்பூரில் சஞ்சயின் அன்பை மெய்யென்று நிறுவ, பதினெட்டு வயதில் கொண்டது காதலே அன்று, அறியாப் பருவத்து விளையாட்டு என அவள் தள்ளவேண்டியிருக்கிறது. கல்கத்தாவில் முதற்காதலே மெய் என்று தோன்றியவுடன், சஞ்சயிடம் கொண்டது துயருற்ற காலத்துப் பற்றுக்கோடு எனச் சுருங்கிவிடுகிறது. மீண்டும் கான்பூரில் கல்கத்தா பொய்யாகிறது. இரண்டும் உண்மையாக இருந்திருக்கக் கூடும் என்னும் வாய்ப்பை அவள் ஓரிடத்தும் தனக்கு வழங்கிக்கொள்வதில்லை.

இதனைச் சபலம் என்று ஒதுக்குவோர், இப்பிரிநிலையை அவளிடம் கேட்பது யார் என்பதை மறந்துவிடுகின்றனர். நிஷீத்தைக் குறித்துச் சஞ்சய் அவ்வப்போது ஐயுறுகிறான் என்பது கதையின் முற்பகுதியிலேயே வருகிறது. பழையதை அவள் பொய்யென்று மறுப்பது அவ்வையத்துக்கு விடையாகவே தொடங்குகிறது. தன் துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை கற்ற பெண்ணுக்கு வாய்த்த காலத்தில், அதற்குரிய விலையாக அவளது கடந்த காலம் முழுவதும் செல்லாததாக்கப்பட வேண்டியிருந்தது. ஆண்களுள் எவனிடமும் இவ்விலை கேட்கப்படவில்லை. அவளைக் கைவிட்ட நிஷீத்தும் தன் பழைய செயலுக்கு விளக்கம் கூறாமலே கதையைக் கடந்து சென்றுவிடுகிறான்.

கதை நாட்குறிப்பை ஒத்த தன்மைக் கூற்றில் அமைந்திருப்பதும், அதன் பகுதிகள் கான்பூர், கல்கத்தா என ஊர்ப்பெயர்களையே தலைப்பாகக் கொண்டிருப்பதும் இக்கருத்துக்கு அரணாகும். நிகழ்ந்தவற்றைப் பின்னிருந்து நோக்கித் தீர்ப்புக் கூறும் முதிர்ந்த குரல் இதில் இல்லை. அந்தந்த வேளையின் மனம் அந்தந்த வேளையில் பேசுகிறது. ஆதலின் இறுதித் துணிபுக்கும் முந்தைய இரண்டு துணிபுகளைவிட மிகுந்த வலு உண்டு எனக் கொள்வதற்குக் கதையில் சான்றில்லை. கடைசியாகச் சொல்லப்பட்டது என்பதே அதன் சிறப்பு. மடல் இரண்டு பக்கம் நீண்டு வந்திருப்பின் என்னாகியிருக்கும் என்று வாசகர் எண்ணாமல் இருத்தல் அரிது. கைபேசிக் காலத்து வாசகர்க்கு அம்மடலின் காத்திருப்பு பழங்கதையாகத் தோன்றலாம். எனினும் செய்தியைக் கண்டும் மறுமொழி தாராதவரின் மௌனத்தை அவர்களும் அறிவர்.

பாசு சாட்டர்ஜி இக்கதையை ‘ரஜ்னிகந்தா’ (1974) என்னும் திரைப்படமாக்கினார். கான்பூரும் கல்கத்தாவும் தில்லியும் பம்பாயும் ஆயின. நிஷீத் நவீன் என்று பெயர் பெற்றான். வித்யா சின்ஹாவின் அடக்கமான நடிப்பு பாராட்டுக்குரியது. ஆயின் அமோல் பாலேகர் சஞ்சய்க்கு அளித்த வெள்ளந்தியான கவர்ச்சி, காண்போரைத் தொடக்கத்திலேயே ஒருபக்கம் சாயச் செய்துவிடுகிறது. இறுதிக் காட்சி நற்செய்தி போல் இனிக்கிறது. கதையின் முடிவில் அவ்வினிமை இருந்தபோதும் அதனடியில் ஓர் அச்சமும் உண்டு. படத்தில் அது கரைந்துபோயிற்று. மலரையே படத்தின் பெயராக்கியதும், தலைப்பிலிருந்த ஏகாரம் மறைந்ததும் இதனோடு பொருந்துவனவே.

கதையில் அம்மலர்கள் வெறும் அன்பின் அடையாளம் அல்ல. சஞ்சய் இல்லாதபோது அவை அவனுடைய எண்ணற்ற கண்களாகத் தன்னை நோக்குவதாகத் தீபா உணர்கிறாள். அன்போடு காவலும் அறைக்குள் வந்துவிடுகிறது. கல்கத்தாவிலிருந்து அவள் திரும்பும்போது அவை வாடிக் கிடக்கின்றன.

ஒரு குறையும் சுட்டத்தக்கது. தீபாவைக் கல்கத்தாவுக்கு ஈர்த்தது நிஷீத் அன்று, பணி. ஆய்வுப் படிப்பும் நேர்காணலும் அவளுக்குத் தன் காலில் நிற்கும் வழியைத் திறந்தன. இறுதித் தழுவலில் அப்பணி பற்றிய வினா விடையின்றி நழுவிவிடுகிறது; இரு ஆடவருள் யார் என்பதே எஞ்சுகிறது. இவ்விடத்தை ஆசிரியர் பின்னர் விட்டுவிடவில்லை. ‘ஆப்கா பண்ட்டீ’ (1971) புதினத்தின் சகுன் கல்லூரி முதல்வர். மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்துகொள்பவள். அவளுக்குத் தொழிலும் உண்டு, துணிபும் உண்டு. ஆனால் பழையதைப் பொய்யென்று தள்ள அவளால் இயலாது. அதன் மெய்ம்மைக்குச் சான்றாகச் சிறுவன் பண்ட்டீ அவ்வீட்டினுள் நடமாடிக்கொண்டிருக்கிறான்.