பால்சோறா, பச்சை இறைச்சியா?

இராஜபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அய்யனார் கோவில். நம் ஊர்களில் அய்யனாரின் சுடுமண் குதிரைக்கு அருகில் ஒரு நாயும் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். காவல் தெய்வத்திற்கு ஏற்ற துணை! காவலுக்குப் பேர்போன ஒரு நாயினம் இராஜபாளையத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய்த் தபால் தலைகளுள் இந்த இனமும் இடம்பெற்றது.

இந்த நாய்க்கு என்ன உணவு கொடுக்கலாம்? இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. “பால்சோறு போதும், இறைச்சி கொடுத்தால் மூர்க்கமாகிவிடும்” என்பது பழைய விடை. “நாய் ஓநாயின் வழிவந்தது, பச்சை இறைச்சியே அதன் உணவு” என்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதிய விடை. இரண்டையும் ஆராய்வோம்.

முதலில் புதிய விடை. பூனையும், மேல்நாடுகளில் வளர்க்கப்படும் ஃபெரட் என்னும் நீள்உடல் விலங்கும் இறைச்சியின்றி வாழ இயலாதவை. டாரின் என்ற பொருள் உணவில் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975-இலும், இதயம் நலியும் என்று 1987-இலும் கண்டறிந்தனர். நாய் அப்படிப்பட்டதன்று. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 படிகளே உண்டு. நாய்க்கு 4 முதல் 30 வரை உள்ளன என்று 2013-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் குழுவொன்று காட்டியது. மனிதனோடு வாழ்ந்து நாய் சோற்றுக்குப் பழகிவிட்டது.

பச்சை இறைச்சியில் வேறோர் ஆபத்தும் உண்டு. கிடா வெட்டும் இடங்களில் பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறிவார்கள். அவற்றில் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கக்கூடும். நாயின் குடலில் புழு வளரும். அதன் முட்டைகள் நம் வாய்க்குள் சென்றால் நம் ஈரலில் கட்டிகள் தோன்றும்.

அப்படியானால் பழைய விடைதான் சரியா? அதுவும் இல்லை. இறைச்சி தின்பதால் நாய் மூர்க்கமாகும் என்பதற்குச் சான்று கிடையாது. சோற்றில் புரதம் குறைவு. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சரியாகச் செரிக்காமல் கழிச்சலாகும்; அதைவிடத் தயிர் மேல்.

இரு விடைகளும் மறந்த பொருள் ஒன்று உண்டு. அதுதான் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். குட்டியின் உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு இருந்தால் கால்சியம் ஒன்று முதல் இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும். எலும்பு நீக்கிய இறைச்சியிலோ கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேலாகப் பாஸ்பரஸ் இருக்கிறது. சோற்றிலும் பாஸ்பரஸே மிகுதி. உணவில் கால்சியம் போதாதபோது பாராதைராய்டு சுரப்பி அதனை எலும்பிலிருந்தே எடுத்து இரத்தத்திற்குத் தருகிறது. எலும்பு மென்மையாகிக் கால்கள் வளைகின்றன.

“குட்டியை வெயிலில் விட்டால் சரியாகிவிடும்” என்பார்கள். மனிதத் தோல் வெயிலில் வைட்டமின் ‘டி’யைப் போதிய அளவு உண்டாக்கும், நாயின் தோல் அவ்வாறு செய்வதில்லை. முட்டை, மீன், ஈரல் போன்ற உணவின் வழியாகவே நாய் அதைப் பெற வேண்டும். இதை அறியாமல், கால் வளைந்த குட்டியைக் கண்டு “இனமே கெட்டுவிட்டது” என்று சொல்லிவிடுகிறோம். கெட்டது இனமா, தட்டா?

எனவே சோறு அல்லது கேழ்வரகுக் கூழுடன் வேகவைத்த, எலும்பில்லாத இறைச்சி, முட்டை அல்லது மீன் சேர்த்துக் கொடுப்பதே அறிவுடைமை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் அது முழுவதும் உடலில் சேர்வதில்லை. ஆகவே வளரும் குட்டிக்குக் கால்சியம் தனியாகத் தேவைப்படலாம். அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். மிகுதியானாலும் எலும்பு கெடும்.

கோவிலுக்கு வருவோர்க்கு ஒரு சொல். சர்க்கரைப் பொங்கலில் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரியாணி வெங்காயம் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். நாம் அன்போடு இடுவதெல்லாம் நாய்க்கு நல்லுணவாகிவிடாது.

பழைய விடை நாயை மனிதனாக நினைக்கிறது. புதிய விடை ஓநாயாக நினைக்கிறது. நாயை நாயாகவே பார்த்து உணவிடுவதுதான் அறிவியல் தரும் விடை.