நூறு குவார்ட்டர்ஸ்: எண்ணிக்கையே பெயரான தெரு

பிரிக்பீல்ட்ஸ் நூறு குவார்ட்டர்ஸை ‘விக்டோரியா காலத்து வீடுகள்’ என்று சொல்பவர்கள் உண்டு. விக்டோரியா 1901-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஜாலான் ரொசாரியோவிலும் ஜாலான் சான் ஆ தோங்கிலும் ரயில்வே ஊழியர்களுக்காக இந்த வரிசைகள் எழுந்தது 1905-ல். ஆனால் வடிவம் என்னவோ அவர் காலத்து இங்கிலாந்துத் தெருவுடையதுதான். ஒரே அளவு, ஒரே முகம், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர்.

பொறியாளனாக எனக்கு அந்தச் சுவர்தான் முக்கியம். வரிசை வீட்டில் பக்கத்து வீடுதான் நம் வீட்டுக்கு முட்டு. ஒன்றை இடித்தால் அடுத்ததின் உள்சுவர் மழையில் நிற்கும். அதனால் ‘ஒரு வீட்டை மட்டும் மியூசியமா வச்சுக்கலாமே’ என்ற யோசனை எனக்கு ஒப்பவில்லை. இந்தத் தெருவுக்கு மன்னர் பெயரோ மகான் பெயரோ கிடையாது. எண்ணிக்கைதான் பெயர். நூறிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தால் அது வெறும் பழைய வீடு.

பக்கத்திலேயே 1904-ல் கட்டிய விவேகானந்தா ஆசிரமம் இருக்கிறது. 2014-ல் அங்கே அடுக்குமாடி வரப்போகிறது என்றதும் சமூகம் திரண்டது. சரியான கோபம். ஆனால் கிளார்க்கும் பாயிண்ட்ஸ்மேனும் குடியிருந்த வரிசைக்காக அப்படிக் கூட்டம் கூடியதாக எனக்கு நினைவில்லை. மரபு என்றால் நமக்குக் கோபுரமோ சிலையோ வேண்டும். 2015-ல் மோடி திறந்துவைத்த தோரண வாயில் சாஞ்சி ஸ்தூபியின் வாசலைப் பார்த்துச் செய்தது. தமிழ் ரயில்வேக்காரர்கள் வாழ்ந்த இடத்துக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து ஓர் அடையாளம்! அழகாகத்தான் இருக்கிறது, போட்டோவுக்கு.

இலக்கியம் மட்டும் என்ன செய்துவிட்டது? ரயில் என்றதும் மலேசியத் தமிழ் நாவலில் நமக்கு ஞாபகம் வருவது ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. தோட்டத்து லயத்தைப் பற்றிக் கதைகள் குவிந்து கிடக்கின்றன. மாதச் சம்பளம், சீருடை, ஷிப்ட் என்று ஓடிய குவார்ட்டர்ஸ் வாழ்க்கை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. துயரம் போதவில்லை என்று நினைத்தோமோ என்னவோ.

ஆனால் குவார்ட்டர்ஸ் வேலையோடு வரும், வேலையோடு போகும். அப்பா ரிட்டயர் ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியேற்றினால் அது அரசியல். இங்கே அது வெறும் விதிமுறை. பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீட்டை யாரும் துரத்தாமலே காலி செய்துவிட்டுப் போன அந்தக் குடும்பங்களை யாராவது எழுதுங்கள். சுவருக்கு அந்தப்பக்கம் இருமல் கேட்டால் இன்னார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.