க்யூஆர் கோடுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோது, பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடுகளும் சேர்ந்து வந்தன. கைப்பேசியில் ஸ்கேன் செய்தால், மத்திய அரசு 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். காசு கட்ட வேண்டியதில்லை. தேர்வுக்கு முன் பாடத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்கும், காய்ச்சலில் பள்ளிக்குப் போகாதவருக்கும் இது பெரிய உதவி. ஆனால் காணொளியிலும் ஒருவர் பேசுகிறார், பிள்ளை பார்க்கிறது. புரியாத இடத்தில் கை தூக்கிக் கேட்க வழியில்லை.

அதே நூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்றொரு பகுதி உண்டு. உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது. பல பள்ளிகளில் நேரமின்மையால் முதலில் விடுபடுவதும் அதுதான்.

கணக்குப் புத்தகத்தில் அந்தப் பகுதி ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளுக்கு அழைத்துச் செல்லும். இருபடிச் சமன்பாட்டின் முதல் கெழுவுக்கான ஸ்லைடரை இழுக்க இழுக்கப் பரவளையம் ஒடுங்குகிறது. கெழு குறை எண்ணாக மாறியதும் குப்புறக் கவிழ்கிறது. சரியாகச் சுழியில் நிறுத்தினால் வளைவே போய் நேர்கோடாகிறது. கரும்பலகையில் ஆசிரியர் இரண்டு படம் வரைவதற்குள் மாணவி இருபது படம் பார்த்துவிடுவாள். ‘ஏன் சார் கோடாயிடுச்சு?’ என்று அவளே கேட்பாள்.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற அறிவியல் செயலிகளும் இப்படித்தான். அவற்றில் மின்சுற்றுக்கான செயலியில், பல்பை விட்டுவிட்டு மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால், திரையில் மின்கலம் தீப்பற்றி எரியும். ஆய்வகத்தில் எந்த ஆசிரியரும் செய்யவிடாத தவறு அது. ஆனால், கம்பியின் மேலுறையைச் சீவி முறுக்கும் கைப்பழக்கத்தை எந்தத் திரையும் தராது. ஃபெட் இருக்கிறதே என்று ஆய்வகத்தைப் பூட்டிவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

இவற்றுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை என்றாலும், செலவு வேறு வழியில் வருகிறது. 2020 ஊரடங்கில், அப்பாவின் ஒரே கைப்பேசி வேலைக்குப் போய்த் திரும்பும்வரை காத்திருந்த பிள்ளைகள் ஏராளம். டேட்டா தீர்ந்தால் பாடமும் தீர்ந்தது. பயனர் விவரமும் பறிபோகக்கூடிய பொருள்தான்: தீக்‌ஷாவில் இருந்த ஆசிரியர், மாணவர் விவரங்கள் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தது 2023இல் அம்பலமானது. உரிமையாளரும் மாறலாம். ஜியோஜீப்ராவை 2021இல் பைஜூஸ் என்ற இணையவழிக் கல்வி நிறுவனம் வாங்கியது. அந்த நிறுவனமே 2024இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. பாடநூலில் அச்சிட்ட இணைப்பு நாளையும் திறக்கும் என்பதற்கு அரசிடம் என்ன உறுதி இருக்கிறது?

இதற்கெல்லாம் ஓரளவு மருந்து கைவசமே உள்ளது. ஃபெட் செயலிகளைத் தரவிறக்கி, இணையமோ பயனர் கணக்கோ இல்லாமலே இயக்கலாம். ஜியோஜீப்ராவையும் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள் எல்லாவற்றிலும் இவ்விரண்டையும் கல்வித்துறை ஏற்றிவைக்க வேண்டும்; வாரத்தில் ஒரு பாடவேளையையாவது ‘இணையச் செயல்பாடு’ பகுதிக்கென்றே ஒதுக்க வேண்டும்.