கொடை கேட்காத காட்டேரி

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவைப் பற்றி வாராவாரம் பக்கம் நிரப்புகிற ஆள்தான் நான். ஆனாலும் 'நாஸ்ஃபெராட்டு' படத்தைப் போன மாதம் வரை பார்த்ததில்லை. யாராவது பேச்செடுத்தால், "ஆகா, அந்த நிழல்!" என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். மாடிப்படியில் கூன் முதுகோடு ஏறுகிற அந்த நிழலைப் போட்டோவில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு போட்டோவை வைத்துக்கொண்டே இருபது வருஷம் ஓட்டியாச்சு. நீங்களும் அப்படி ஏதாவது ஒரு படத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை, வெளியே சொல்ல மாட்டேன்.

பார்த்தது கூடங்குளத்தில், நண்பன் வீட்டில். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள். கடலோரத்தில் தலா ஆயிரம் மெகாவாட்டில் இரண்டு அணு உலைகள். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, விளக்கை அணைத்துவிட்டு பேய்ப் படம் பார்த்தோம். நண்பன், அவன் அம்மா, எட்டாவது படிக்கிற மகன், நான். ஊமைப் படம் என்பதால் பெரியம்மாவுக்கு மொழிப் பிரச்னை இல்லை. நடுவில் வருகிற எழுத்து அட்டைகளைப் பையன் படித்துச் சொன்னான். ஊமைப் படக் காலத்தில் நம்மூர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஒரு ஆள் இருப்பார். எங்களுக்கு அந்த வேலையை இவன் சம்பளம் இல்லாமல் பார்த்தான்.

முதல் அரை மணி நேரம் எனக்கு ஏமாற்றம்தான். வீடு விற்கிற புரோக்கரிடம் வேலை பார்க்கும் ஹூட்டர், கார்பேத்திய மலையில் இருக்கும் ஒரு பிரபுவிடம் கையெழுத்து வாங்கப் போகிறான். போகிற வழியெல்லாம் சிரிக்கிறான். காரணமே இல்லாத சிரிப்பு. ஓநாய் மனிதன் என்று ஒரு கழுதைப்புலியைக் காட்டுகிறார்கள். பேயின் குதிரை வண்டி வேகமாக ஓட்டிய ஃபிலிமில் குடுகுடுவென்று வருகிறது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்புறம் அவன் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, இவன் வெயில்லல்லா நடக்கான்? சாக மாட்டானா?"

சரியான கேள்வி. ஓர்லாக் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறான். பளீரென்று பகல். தப்பு முர்னாவ் மேல் இல்லை, என் கையில் இருந்த பிரதி மேல். அந்தக் காலத்து காமிராவில் ராத்திரியை ராத்திரியில் எடுப்பது கஷ்டம். பகலில் எடுத்துவிட்டு, ஃபிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் என்றால் ராத்திரி என்று ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். பிற்பாடு நகலெடுத்தவர்கள் சாயத்தை விட்டுவிட்டு வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்தார்கள். பல வருஷம் உலகம் பார்த்தது அந்தப் பகல் பேயைத்தான். 2006-ல் ஜெர்மனியில் சாயத்தோடு மீட்டெடுத்த பிரதி ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் போட்டோம். நீங்கள் பார்ப்பதானால் நீலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நீலம் வந்ததும் படம் வேறாகிவிட்டது. சிரிப்பு நின்றுபோச்சு.

கப்பலில் பெட்டிக்குள்ளிருந்து அவன் எழுந்திருக்கிறானே, முட்டி மடங்காமல், நட்டு வைத்த பலகை மாதிரி விறைப்பாக? மேக்ஸ் ஷ்ரெக் என்ற அந்த நடிகர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான். பின்னாளில் வந்த டிராகுலாக்கள் கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளைகள். இவன் எலி. எலிப்பல், எலிக்காது, கூடவே எலிகள். ஊருக்குக் கொண்டு வருவதும் கொள்ளை நோயைத்தான். தம்பட்டம் அடித்து, யாரும் வெளியே வராதீங்க என்று உத்தரவு வாசிக்கிறார்கள். வீட்டுக் கதவில் சிலுவைக் குறி போடுகிறார்கள். காலியான தெருவில் வரிசையாகச் சவப்பெட்டிகள் போகின்றன. இது 1922-ல் வந்த படம். ஆனால் 2020-ஐப் பார்த்த நமக்கு அந்தத் தெரு புதுசில்லை. பெரியம்மாவுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. "நம்மூர்ல 144 போட்டாவளே, அது மாதிரில்லா இருக்கு" என்றார். அவர் சொன்னது 2012. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஒரு ஊரே பயப்படுவது எப்படி இருக்கும் என்று கூடங்குளத்துக்காரர்களுக்கு யாரும் படம் போட்டு விளக்க வேண்டாம். அந்தப் பயம் நியாயமா இல்லையா என்பது தனி விவாதம், இங்கே வேண்டாம்.

நான் பி.காம். ஆனதால் எந்தப் படம் பார்த்தாலும் கணக்கு வழக்கைத் தேடுவேன். இந்தப் படத்தின் கணக்கு பேயைவிட சுவாரசியம்.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் வந்தது 1897-ல். அவர் 1912-ல் காலமானார். படத்தை எடுத்த கம்பெனியின் பெயர் 'பிராணா'. ஆமாம், நம்ம பிராணன்தான். பிராணா கம்பெனிக்காரர்கள் நாவலுக்கு உரிமை வாங்கவில்லை. டிராகுலாவை ஓர்லாக் என்றார்கள், லண்டனை ஜெர்மன் ஊராக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், டைட்டிலில் ஸ்டோக்கரின் டிராகுலாவைத் தழுவியது என்று அவர்களே போட்டுக்கொண்டார்கள். திருடிவிட்டு ரசீதும் கொடுத்த கதை. விதவை ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கர் விடவில்லை. கேஸ் நடந்தது. பிராணா கம்பெனி ஒரே படத்தோடு திவாலாகிப் பிராணனை விட்டது. காசு பெயராது என்றானதும், 1925-ல் கோர்ட் உத்தரவு வந்தது: எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடு.

அந்த அம்மா செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்பது என் கட்சி. புருஷன் விட்டுப்போன சொத்து அந்த நாவல்தான். என் கட்டுரையை எவனாவது பெயரை மாற்றி எடுத்துக்கொண்டால் நானும் கோர்ட்டுக்குத்தான் போவேன். ஆனால் உத்தரவை எல்லோரும் ஒழுங்காக மதித்திருந்தால் அன்றைக்கு ராத்திரி நாங்கள் எதைப் பார்த்திருப்போம்? எங்கெங்கோ வெளிநாடுகளில் கீழ்ப்படியாமல் பதுங்கிய பிரதிகள்தான் பிழைத்தன. அதற்கு மேலும் ஒன்று. சூரிய வெளிச்சம் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துப்போகும் என்று எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரிகிறதே, அது ஸ்டோக்கர் எழுதியதே இல்லை. நாவலில் டிராகுலா பகலில் நடமாடுவான், சக்தி குறைந்திருக்கும், அவ்வளவுதான். வெயிலில் கரைந்துபோவது இந்தத் திருட்டுப் படத்தின் சொந்தச் சரக்கு. இப்போது உலகம் அதைத்தான் அசல் என்று நம்புகிறது. வரவில் வைப்பதா, செலவில் வைப்பதா? எனக்குத் தெரியவில்லை. (பர்மா பஜாரில் அந்தக் காலத்தில் நான் வாங்கிய டிவிடிகள் எந்தக் கணக்கில் வரும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

இதே மாதிரி ஒரு வழக்கு கூடங்குளத்துக்குப் பக்கத்திலேயே உண்டு. நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி.ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா', 1933. சி.வி.ராமன் பிள்ளையின் மலையாள நாவலை வைத்து எடுத்த ஊமைப் படம். திருவனந்தபுரத்தில் திரையிட்டதும், நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ கேஸ் போட்டு ஜெயித்தது. ஃபிலிம் சுருள் அவர்கள் கைக்குப் போனது. தயாரிப்பாளருக்குப் பெரிய நஷ்டம். ஆனால் தென்னிந்திய ஊமைப் படங்கள் அநேகமாக எல்லாமே மண்ணாகிப் போக, இது மட்டும் புத்தகக் கடையில் பத்திரமாகக் கிடந்து, 1974-ல் பூனா ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சட்டத்தை மீறியதால் ஒரு படம் பிழைத்தது. இங்கே சட்டத்தில் சிக்கியதால் ஒரு படம் பிழைத்தது. இதிலிருந்து என்ன கொள்கை வகுப்பீர்களோ, உங்கள் சாமர்த்தியம்.

2024-ல் ராபர்ட் எக்கர்ஸ் இதே கதையை மறுபடி எடுத்தார். ஊர், உடை, இருட்டு எல்லாம் பிரமாதம். ஆனால் அதில் பேய் நிறையப் பேசுகிறது, எனக்கு அது ஒட்டவில்லை. 1922 ஓர்லாக்கிடம் விளக்கம் கிடையாது. எதிர் வீட்டு ஜன்னலில் வெறுமனே நிற்கிறான், அதுவே போதும்.

பெரியம்மாவுக்கு ஓர்லாக் மேல் கோபமே வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். "ஏன்யா, அவனுக்கு ரத்தம்தானே வேணும்? வருஷத்துக்கு ஒரு கொடை குடுத்து, ஒரு கெடாயை வெட்டிப் போட்டிருந்தா ஊரைக் காவல் காத்திருப்பான்லா" என்றார். சிரிக்காதீர்கள். சுடலைமாடன் நடுச்சாமத்தில் வேட்டைக்குப் போகிற பூமி அது. பயமுறுத்துகிறவனுக்குப் பீடம் போட்டு, வில்லுப்பாட்டில் அவன் கதையைப் பாடி, தன் பக்கம் சேர்த்துக்கொள்வார்கள். ஜெர்மனிக்காரர்களுக்கு அந்த வழி தெரியவில்லை. கொல்ல மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அதுவும் ஆம்பிளைகளால் ஆகவில்லை. டாக்டரும் புரபசரும் பூச்சி தின்னும் செடியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருக்க, ஹூட்டரின் மனைவி எல்லென்தான் புத்தகத்தில் வழியைப் படித்து, தன் ரத்தத்தைக் கொடுத்து, சேவல் கூவும்வரை அவனை உட்கார வைக்கிறாள். அவன் புகையாகப் போகிறான். அவளும் சாகிறாள். இடிந்த கோட்டையைக் காட்டிப் படம் முடிகிறது.

விளக்கைப் போட்டோம். பெரியம்மா எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு அந்த ஊர்ல கோயில் கட்டினாவளா?"

"அதெல்லாம் படத்துல இல்ல பெரியம்மா. செத்ததோட முடிச்சிட்டாங்க."

"கட்டாமலா விட்டாவ?" என்றார். "அவ சும்மா இருக்க மாட்டாளே."