சுலைமான் நபியின் மோதிரம்: மறையும் கதையும்

மாயப் புனைவு எழுதுவோர் தம் கற்பனை உலகுக்கு ஒரு சமயத்தையும் அச்சமயத்துக்கு ஒரு புனிதப் பொருளையும் படைத்துக்கொள்வது வழக்கம். மணியோ, வாளோ, மோதிரமோ, அதனைக் கைக்கொண்டவனுக்கு ஆற்றல் வந்துவிடும். கீழை நாடுகளில் இவ்வகைக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் சான்று, சுலைமான் நபி (அலை) அவர்களின் முத்திரை மோதிரக் கதையாகும். அந்நபியையே காப்பியத் தலைவராகக் கொண்டு வண்ணக்களஞ்சியப் புலவர் ‘இராஜநாயகம்’ பாடினார். ஆதலின் தமிழ் முஸ்லிம்களுக்கு இஃது அயலார் பொருளன்று.

முதலில் மறையைக் காண்போம். திருக்குர்ஆனில் அம்மோதிரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சுலைமான் நபி சோதிக்கப்பட்டதும், அவர்தம் அரியணையில் ஓர் உடல் போடப்பட்டதும் மட்டுமே (38:34) கூறப்படுகின்றன. ஷைத்தான் மோதிரத்தைக் கவர்ந்து அரியணை ஏறினான், பின்னர் அது மீன் வயிற்றில் கிடைத்தது என்பவையெல்லாம் விரிவுரைகளில் வந்து சேர்ந்தவை. இமாம் தபரீ இவற்றை எடுத்தோதுகிறார். இமாம் இப்னு கஸீரோ இவை இஸ்ராயீலிய்யாத் வகையின என்று எச்சரிக்கிறார். இதனையொத்த கதை யூதர்களின் தல்மூதிலும் காணப்படுவது அவ்வெச்சரிக்கைக்கு வலுச் சேர்க்கிறது.

மோதிரம் பற்றி மௌனம் காக்கும் மறை, அதே நபியின் கைத்தடி பற்றிப் பேசுகிறது (34:14). அவர் தடியில் சாய்ந்த நிலையிலேயே மரணமுற்றார். ஜின்கள் அதனை அறியாமல் உழைத்துக்கொண்டிருந்தன. கறையான் தடியை அரித்து, உடல் சாய்ந்த பின்னரே அவை உண்மையை உணர்ந்தன. ஜின்களை ஆண்டவரின் கையிலிருந்த பொருள், ஒரு பூச்சிக்கு இரையாயிற்று. அதில் தனி ஆற்றல் ஏதும் இருந்திருப்பின் அரிக்கப்பட்டிருக்குமா? மூஸா நபி (அலை) அவர்களின் தடியும் அவ்வாறே. சாய்ந்துகொள்ளவும் ஆடுகளுக்குத் தழை பறிக்கவும் பயன்படும் தடியென்றே அவர் கூறுகிறார் (20:18). பின்னரே இறையாணையால் அது பாம்பாகிறது. முஃஜிஸாவுக்கும் சிஹ்ருக்கும் உள்ள எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது.

இனி, கதைகளுக்கு வருவோம். ‘ஆயிரத்தொரு இரவுக’ளில் மீனவன் கண்டெடுக்கும் செம்புக் குடத்தின் ஈய மூடியில் சுலைமானின் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் வெளிப்பட்ட ஜின்னிடமிருந்து மீனவனைக் காப்பது முத்திரையன்று, அவனது மதிநுட்பமே. புலூக்கியா கதை இன்னும் ஆழமானது. இறுதி நபி (ஸல்) அவர்களின் காலம்வரை உயிர்வாழ விரும்பிய புலூக்கியா, அஃப்பான் எனும் அறிஞனோடு கூடி, சுலைமான் நபியின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றச் செல்கிறான். அஃப்பான் அங்கேயே எரிந்து சாம்பலாகிறான். புலூக்கியா தப்பி மீள்கிறான். நோக்கம் நல்லதாயினும், அதிகாரத்தைப் பொருளினின்று பறிக்க முயல்வது தகாது என்பதைக் கதையே உணர்த்துகிறது.

இவற்றோடு அலாவுதீன் கதையை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே விளக்கைத் தேய்ப்பவன் எவனாயினும் பூதம் பணி செய்யும். நல்லவன், தீயவன் என்ற பேதம் அதற்கில்லை. இக்கதை பழைய அரபுக் கையெழுத்துப் படிகளில் இல்லை. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவரிடம் 1709-இல் கேட்டு, பிரெஞ்சு அறிஞர் காலான் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்தது. தமிழ்த் திரையுலகம் 1957-இலும் 1979-இலும் விரும்பி எடுத்தது இதனைத்தான். பொருளே அனைத்தையும் செய்துதரும் கதைதான் நம் மக்களிடம் பெரிதும் பரவிற்று என்பது சிந்தனைக்குரியது.

ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் மறைந்த பின் 1977-இல் வெளியான ‘சில்மரில்லியன்’ நூலில் புனிதமாக்கப்பட்ட மூன்று மணிகள் வருகின்றன. தீய கைகளை அவை சுட்டெரிக்கும். அவற்றை மீட்போமெனச் சூளுரைத்த உடன்பிறந்தார் இனக்கொலையில் இறங்குகின்றனர். எஞ்சிய இருவரும் இறுதியில் மணிகளைப் பெற்றபோது, அவர்தம் கைகளையும் அவை எரிக்கின்றன. உரிமை கோரியவர்களே தகுதியிழந்துவிட்டனர். புனைந்த சமயத்தின் கதையாயினும் அஃப்பானின் முடிவுக்கு இஃது அண்மையிலேயே நிற்கிறது. உயர்ந்த கதை, பொருளை வியந்து காட்டிவிட்டு மனிதனையே நிறுக்கிறது என நாம் கருதுகிறோம்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து நம்மிடம் ஓத வரும் மாணவர்கள் இத்தகைய கதைகளைக் கைபேசியில் கண்டுவிட்டு, “ஹஜ்ரத், இவற்றைப் பார்க்கலாமா?” என வினவுகின்றனர். ஈமானுக்குக் கேடு என ஒரே சொல்லில் தடுப்போர் உளர். கதையைக் கதையென அறிந்து படிப்பவனுக்கு அச்சம் வேண்டியதில்லை என்பதே நம் மறுமொழி.

கேடு வேறிடத்தில் இருக்கிறது. இதே ஊர்களின் கடைத்தெருக்களில் கடன் தீரும், பிணி நீங்கும், பிள்ளை பிறக்கும் என்று கூறிச் ‘சுலைமான் முத்திரை’ மோதிரங்கள் விற்கப்படுகின்றன. வாங்குவோர் பெரும்பாலும் துயரில் ஆழ்ந்த ஏழைகள். திருவசனங்களை எழுதி அணிவது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் ஒரு பொருள் தானாகவே நன்மையோ தீமையோ செய்யும் என நம்பலாகாது என்பதில் வேறுபாடே இல்லை. ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரழி) அவர்கள், அது பயனோ தீங்கோ தராத கல்லே என்றும், நபிவழி கருதியே முத்தமிடுவதாகவும் அறிவித்த செய்தி புகாரீயில் பதிவாகியுள்ளது.

கற்பனை மணியைக் கண்டிக்கும் நாவுகள் இவ்வணிகத்தின் முன் மௌனம் காப்பது முறையன்று. 34:14 வசனத்தை ஜும்ஆ மேடைகளில் விளக்கமாக எடுத்தோதுவது, அம்மோதிரத்தை வாங்கக் கடன்படும் ஒரு குடும்பத்தையாவது காக்கும்.