சாம்ப்ளர் பீட்டைப் பதிவுசெய்யும் இரு பாணிகள்

ஹிப்-ஹாப் இசையில் சாம்ப்ளர் ஒரு வாத்தியம். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு ட்ரம் அடியையோ பேஸ் துணுக்கையோ வெட்டியெடுத்து, பெட்டியின் பொத்தான்களில் ஏற்றி வாசிக்கிறார்கள். வாசித்ததை அனலாக் கம்பி வழியே எடுப்பதா, டிஜிட்டல் கம்பி வழியே எடுப்பதா என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன.

அனலாக் வழியைப் பிடித்த நியூயார்க் பாணிக்கு ஆதாரம் 1987இல் வெளிவந்த ஈ-மு எஸ்.பி-1200. 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்தமே 10 விநாடி நினைவகம். இடம் போதாததால் 33 சுற்று இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பிடித்து, பிறகு பெட்டிக்குள் சுருதியை இறக்கினார்கள். அப்படி இறக்கும்போது பிறக்கும் கரகரப்புதான் பீட் ராக், லார்ஜ் புரொஃபஸர் போன்றவர்களின் ட்ரம்முக்குத் தனி உடலைத் தந்தது. அதன் 8 வெளியீடுகளும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. முதல் இரண்டில் அசையும் ஃபில்டர், அடுத்த நான்கில் நிலையான ஃபில்டர், கடைசி இரண்டில் ஃபில்டரே இல்லை. பேஸை எந்தத் துளையில் விடுவது, ஹை-ஹாட்டை எதில் விடுவது என்று முடிவெடுப்பதே இசையமைப்பில் பாதி. இந்தக் கருவியில் டிஜிட்டல் வெளியீடு கிடையாது. இருந்திருந்தாலும் அந்த வெளியீட்டுச் சுற்றுகளைத் தாண்டிப்போன ஒலியை எஸ்.பி. என்று நான் ஏற்கமாட்டேன்.

ஸ்டூடியோவில் ஒவ்வொரு வெளியீடும் மிக்ஸர் வழியே 24 ட்ராக் டேப்பில் தனித்தனியே இறங்கும். ஒரு ட்ராக்கில் எஸ்.எம்.பி.டி.ஈ. நேரக்குறியை எழுதிவைத்தால், எத்தனை முறை ஓட்டினாலும் கருவி டேப்போடு சேர்ந்தே ஓடும். ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்.பி.சி-60 (1988) கையில் வந்தபோதும் இந்த முறை மாறவில்லை.

16 பிட் காலம் கணக்கை மாற்றியது. எம்.பி.சி-2000எக்ஸ்.எல். போன்றவற்றில் துணைப் பலகை பொருத்தினால் எஸ்.பி.டிஃப் டிஜிட்டல் வெளியீடு கிடைக்கும். டிஜிட்டல் பாணியினரின் வாதம் வலுவானது: ஒலியை இருமுறை மாற்ற வேண்டியதில்லை, கம்பியில் இரைச்சல் ஏறாது. ஆனால் அந்தக் கம்பியில் போவது இரண்டே சேனல். கிக்கும் ஸ்னேரும் தனியே வேண்டுமென்றால் மறுபடி மறுபடி ஓட்டித்தான் எடுக்க வேண்டும்.

அந்த வழிக்குக் கறாரான ஒழுங்கும் உண்டு. இரண்டு கருவிகளில் ஒன்றே கடிகாரத்தைத் தர வேண்டும், மற்றது பின்தொடர வேண்டும். கணினியும் சாம்ப்ளரின் அதே 44.1 கிலோஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். இல்லையென்றால் 'டிக் டிக்' என்று சொடுக்கொலி விழும், அல்லது சுருதி விலகும். கோஆக்ஸியல் துளைக்கு 75 ஓம் கம்பிதான் முறை.

அனலாக்கில் ஆபத்து வேறிடத்தில். அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் முனகல், எர்த் கம்பிகள் வளையமிட்டால் பதிவில் ஏறிவிடும். ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றை இடையில் வைத்தால் அடங்கும். சாம்ப்ளரின் வால்யூமைத் தாராளமாக ஏற்றி, கணினியின் ஆடியோ இன்டர்ஃபேஸில் கெயினைக் குறைத்து, உச்சம் −10 டெசிபெல் அருகில் நிற்கும்படி 24 பிட்டில் எடுத்தால் போதும்.

என் அளவுகோல் ஒன்றுதான். கருவியின் குணம் வெளியீட்டுச் சுற்றில் பிறந்தால் அனலாக். உள்ளேயே முடிந்துவிட்டால் டிஜிட்டல். டெட்ராய்ட்டின் ஜே டில்லா எம்.பி.சி-3000இல் கைப்போக்கில் வாசித்த ட்ரம்மின் சாய்வை எந்தக் கம்பியும் கெடுப்பதில்லை. குறிப்புகளை மட்டும் கணினிக்கு மாற்றி, கட்டத்தில் ஒட்டவைப்பதுதான் கெடுக்கும். அதனால் முழு பீட்டையும் ஒலியாகவே, இடையில் நிறுத்தாமல் பதிவுசெய்ய வேண்டும். தனித்தனி ஓட்டங்களின் தலையில் ஒரே க்ளிக்கை வைத்தால் பிறகு பொருத்துவது எளிது. பீட்டுகளைச் சேமித்துவைத்த பழைய ஃப்ளாப்பிகள் படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கும் இந்நாளில் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.